கட்டிங் மாஸ்டரை ஸ்பானிஷில் எப்படி எழுதுவது?
(வாசகர் கேள்வி – பதில்)

வேலைப் பெயர்களை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குக் கொண்டுபோவதில் என்ன சிக்கல் வருகிறது, எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். பெருமாநல்லூர், கரூர், பொள்ளாச்சி, கோபி என்று நம் பக்கத்திலிருந்தே இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது. அதில் ஸ்பெயினுக்குப் போகும் பெட்டிகளும் உண்டு. பெட்டியோடு கடிதமும் போகிறது, கடிதத்தில் நம் ஆட்களின் வேலைப் பெயரும் போகிறது. அந்தப் பெயர் சரியாகப் போய்ச் சேரவேண்டும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஸ்பானிஷ் கடிதம் எழுதித் தருவதும் மாலையில் வகுப்பு எடுப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் என் உதாரணங்களில் பனியன் கம்பெனி வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ஸ்பானிஷ் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தருகிறேன். மாட்ரிட்காரர் ஒருவிதமாகவும் மெக்சிகோக்காரர் ஒருவிதமாகவும் ஒலிப்பார்கள். நான் லத்தீன் அமெரிக்க ஒலிப்பை ஒட்டி எழுதுகிறேன்.

பெருமாநல்லூரிலிருந்து ஒரு வாசகர்: வணக்கமுங்க. நான் கட்டிங் மாஸ்டர். அடுத்த மாதம் ஸ்பெயினிலிருந்து பையர், அதாவது நம் சரக்கை வாங்குகிறவர், வருகிறார். ஒவ்வொரு பிரிவிலும் ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் பெயர்ப்பலகை மாட்டச் சொல்லியிருக்கிறார் முதலாளி. கம்ப்யூட்டரில் போட்டால் என் வேலைக்கு "மாஎஸ்த்ரோ தே கோர்த்தே" என்று வருகிறது. அப்படியே எழுதிவிடலாமா? பேட்டர்ன் மாஸ்டருக்கு என்ன?

எழுத வேண்டாமுங்க. "கோர்த்தே" என்றால் வெட்டு, அதில் பிழை இல்லை. மாட்ரிட்டில் 1890-இல் ஒரு தையற்கடையாகத் தொடங்கி இன்று ஸ்பெயின் முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் "எல் கோர்த்தே இங்லேஸ்" என்ற பெரிய கடையின் பெயருக்கே "ஆங்கிலேய வெட்டு" என்றுதான் பொருள். ஆங்கிலேயர் பாணியில் வெட்டித் தைத்த உடுப்பு என்ற கணக்கு.

சிக்கல் "மாஎஸ்த்ரோ"வில் இருக்கிறது. தனியாக நின்றால் அது தொடக்கப்பள்ளி ஆசிரியரைக் குறிக்கும். கொத்தனார், தச்சர் போன்ற கைத்தொழில்காரரை மரியாதையாக "மாஎஸ்த்ரோ" என்று கூப்பிடும் வழக்கம் மெக்சிகோவிலும் வேறு சில நாடுகளிலும் இருக்கிறது. நம் "மாஸ்டர்" போலவே. ஆனால் தையல் வகுப்புக்கு ஸ்பானிஷில் பழைய பெயர் "கோர்த்தே இ கொன்ஃபெக்ஸியோன்", வெட்டும் தையலும். அதனால் "மாஎஸ்த்ரோ தே கோர்த்தே" என்று பலகையில் பார்க்கிற ஸ்பெயின்காரர், தையல் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

நீங்கள் நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள்? துணியின் அகலம் பார்த்து, ஸ்ப்ரெட் போட்டு (மேசையில் அடுக்கடுக்காக விரித்து), வெட்டி, உங்களுக்குக் கீழே நிற்கும் ஆட்களையும் மேய்க்கிறீர்கள். அப்படியானால் "ஹெஃபே தே கோர்த்தே", வெட்டுப் பிரிவின் தலைவர். உங்களுக்குக் கீழே கத்தி பிடிக்கிறவர் "கொர்ததோர்", பெண்ணாக இருந்தால் "கொர்ததோரா".

பேட்டர்ன் மாஸ்டருக்கு "பத்ரொனிஸ்தா". "பத்ரோன்" என்றால் தையலில் பேட்டர்ன், துணியை வெட்ட வைத்துக்கொள்ளும் மாதிரித் தாள். அதே "பத்ரோன்" இன்னொரு இடத்தில் முதலாளி. ஆகவே பலகையில் வெறும் "பத்ரோன்" என்று போட்டுவிடாதீர்கள். வருகிற பையர் உங்கள் பேட்டர்ன் மாஸ்டரிடம் போய் முதலாளியிடம் பேசுவதைப்போலப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கோவை, பீளமேட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அக்கா, ஆங்கிலத்தில் "நான் ஒரு நர்ஸ்" என்கிற இடத்தில் அந்த "ஒரு" கட்டாயம் வரும். அதை ஸ்பானிஷில் போட்டால் மட்டும் எங்கள் டீச்சர் சிவப்பு மையில் அடிக்கிறார். ஏன்?

கண்ணு, தமிழில் உன் அம்மாவைப் பற்றி என்ன சொல்வாய்? "அம்மா நர்ஸ்" என்பாய். "அம்மா ஒரு நர்ஸ்" என்பது ஆங்கிலம் படித்த பிறகு நம் வாயில் ஒட்டிக்கொண்டது. ஸ்பானிஷும் இந்த விஷயத்தில் நம் ஆத்தாக்கள் பேசிய வழியில்தான் போகிறது. "ஸோய் என்ஃபெர்மேரா" என்றால் போதும், "நான் நர்ஸ்". நடுவில் "ஊனா" வேண்டாம்.

எப்போது வரும் என்றால், வேலைப் பெயரோடு ஒரு அடைமொழி சேரும்போது. "ஸோய் ஊனா புவேனா என்ஃபெர்மேரா", நான் நல்ல நர்ஸ். அடைமொழி இல்லாமல் "ஒரு" போட்டால் சில சொற்களில் பொருளே திரும்பிவிடும். "எஸ் பயாஸோ" என்றால் அவர் சர்க்கஸில் கோமாளி வேலை பார்க்கிறார். "எஸ் ஊன் பயாஸோ" என்றால் அவர் ஒரு கோமாளிப்பயல், திட்டு. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் தமிழில் யோசித்து நேராக ஸ்பானிஷுக்குப் போனால் இந்த இடத்தில் தடுக்காது. என் வகுப்பில் முதல் வாரமே இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

காலக் கணக்கிலும் தமிழ் கைகொடுக்கும். "பத்து வருஷமா வேலை செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். ஸ்பானிஷிலும் நிகழ்காலம்தான்: "யேவோ தியெஸ் ஆஞோஸ் த்ரபஹாந்தோ". "ஹேவ் பீன் வொர்க்கிங்" என்கிற ஆங்கிலத்தின் வளைந்த வினையை வார்த்தைக்கு வார்த்தை இழுத்துக்கொண்டு போனால் நாக்குதான் சுளுக்கும்.

அவிநாசியிலிருந்து ஒரு வாசகி: நான் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். எங்கள் ஸ்பெயின் பையர், தொழிலாளர் பட்டியலை ஸ்பானிஷிலும் கேட்கிறார். டைலர், ஹெல்பர், கைமடி, செக்கிங், அயனிங், பிசிறு வெட்டுகிறவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி "ஒபெராரியோ" என்று போட்டுவிட்டால் என்ன அம்மா? வேலை சுலபமாக முடியுமே.

வேலை முடியும், ஆனால் நியாயமாக இருக்காது அம்மணி. "ஒபெராரியோ" என்றால் தொழிலாளி, அவ்வளவுதான். கைமடிக்கும் பெண்ணுக்கு ஒரு சம்பளம், ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்) டைலருக்கு ஒரு சம்பளம் என்று நம் ஊர் சம்பள ஒப்பந்தத்திலேயே தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். பட்டியலைப் படிக்கிறவர் யாருக்கு என்ன கூலி என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லாரையும் ஒரே சொல்லில் அள்ளிப் போட்டால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியாது. தைக்கிறவரின் கைத்திறனும் பட்டியலில் காணாமல் போய்விடும்.

டைலரிலிருந்து ஆரம்பிக்கலாம். அகராதி "ஸாஸ்த்ரே" என்று சொல்லும். அது அளவெடுத்து ஆண்களுக்குக் கோட்டு தைக்கிறவர். "மொதிஸ்தா" பெண்களின் உடையை அளவெடுத்துத் தைக்கிறவர். நம் கம்பெனி டைலர் இந்த இரண்டும் இல்லை. லைனில் உட்கார்ந்து தோள் மட்டும், கழுத்து மட்டும், பாட்டம் மட்டும் என்று ஓட்டுகிறவர். பெண்ணுக்கு "கொஸ்துரேரா" நல்ல சொல். ஆணுக்கு அதையே "கொஸ்துரேரோ" என்று மாற்றிவிடாதீர்கள், ஸ்பெயினில் அது ஊசி நூல் போட்டு வைக்கும் பெட்டி. ஆண், பெண் இருவருக்கும் பொருந்துகிற மாதிரி "ஒபெராரியோ தே கொன்ஃபெக்ஸியோன்", "ஒபெராரியா தே கொன்ஃபெக்ஸியோன்" என்று எழுதி, பக்கத்தில் எந்த மெஷின் என்று சேருங்கள். ஓவர்லாக் என்ற சொல் அங்கேயும் புரியும்.

மெஷின் ஓட்டுகிறவர் என்பதால் "மகினிஸ்தா" என்று போடும் பழக்கம் சில கம்பெனிகளில் இருக்கிறது. ஸ்பெயினில் மகினிஸ்தா என்றால் முதலில் மனதில் வருவது ரயில் ஓட்டுநர். விட்டுவிடுங்கள்.

ஹெல்பருக்கு "அயுதாந்தே". இங்கே ஒரு எச்சரிக்கை. "அப்ரெந்தீஸ்" என்று மட்டும் எழுதக்கூடாது. அது தொழில் பழகுநர். சட்டப்படி பயிற்சி ஒப்பந்தம் போட்டு, ஒரு காலத்துக்குக் கற்றுக்கொள்ள வந்தவர். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் ஹெல்பர்கள் அத்தனை பேரையும் அப்ரெந்தீஸ் என்று அனுப்பிவிட்டது. உடனே அந்தப் பக்கமிருந்து, பயிற்சி ஒப்பந்தங்களை அனுப்புங்கள், வயதுச் சான்றிதழ்களை அனுப்புங்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். நாற்பது வயதைத் தாண்டிய அம்மாக்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒரு சொல்லால் இரண்டு வாரம் ஆர்டர் நின்றுவிட்டது.

கைமடிக்கு நேர்ச்சொல் கிடையாது. இருக்கிற மாதிரி எதையாவது பிடித்துப் போடாமல், "அயுதாந்தே தே கொஸ்தூரா" என்று எழுதி, டைலருக்குத் துணியை மடித்து எடுத்துக் கொடுப்பவர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிசிறு வெட்டுகிறவருக்கு மெக்சிகோவில் "தெஸெப்ரதோரா" என்று தனிச்சொல் உண்டு. ஸ்பெயின் பையருக்கு அதையும் ஒரு வரியில் விளக்கிவிடுவது நல்லது. அயனிங் "ப்ளாஞ்சதோர்". செக்கிங் "இன்ஸ்பெக்தோரா தே கலிதாத்", தரம் பார்ப்பவர். "ரெவிஸோரா" என்றால் ஸ்பெயினில் ரயிலில் டிக்கெட் பார்ப்பவரும் ஆகிவிடும்.

சாயப்பட்டறை ஆட்கள் இருந்தால் வெறும் "திந்தொரேரோ" வேண்டாம், ஊரில் டிரைகிளீனிங் கடைக்காரரையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆலையில் துணிக்குச் சாயம் ஏற்றுபவர் என்று தெரியும்படி எழுதுங்கள். நிட்டிங் ஆட்களுக்கு "தெஹெதோர்". ஆனால் ஸ்பானிஷில் நெய்வதும் பின்னுவதும் ஒரே வினை, "தெஹேர்". பனியன் துணி என்று தெளிவாகச் சொல்ல "தே பூந்தோ" சேர்க்கவேண்டும். பின்னலாடைக்குப் பெயரே "ஹெனெரோ தே பூந்தோ" என்பதுதான்.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: நான் வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். இந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடலாமா?

ஸ்பெயினில் இந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் கடையில் அலமாரியையும் கண்ணாடிப் பெட்டியையும் அழகாக அடுக்குகிறவர் என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் செய்வது வேறு. சாம்பிள் அனுப்புவது முதல், நூல், சாயம், தையல், பேக்கிங், கப்பல் தேதி வரை ஒரு ஆர்டரைத் தலைமேல் சுமந்து கரை சேர்ப்பது. "ரெஸ்பொன்ஸாப்லே தே பெதீதோஸ்" என்று எழுதுங்கள், ஆர்டர்களுக்குப் பொறுப்பானவர். அந்தப் பக்கம் உங்களோடு பேசுகிற பையர் "கொம்ப்ரதோர்", பெண்ணானால் "கொம்ப்ரதோரா". நடுவில் நிற்கும் பையிங் ஏஜென்ட் "அஹெந்தே தே கோம்ப்ராஸ்".

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: என் மகள் மருத்துவர். ஸ்பெயினில் ஒரு கருத்தரங்குக்குப் போகிறாள். அவளைப் பற்றிய குறிப்பில் "மேதிகோ" என்று போட வேண்டுமா, "மேதிகா" என்றா? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். இரண்டுமே எழுதுகிறார்கள் என்பது உண்மை. அகராதி "மேதிகா"வை ஏற்கிறது, நானும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

நம் கிராமங்களில் மணியகாரர் மனைவியை மணியகாரம்மா என்றார்கள். அந்த அம்மா கணக்கு எழுதியதில்லை, வரி வாங்கியதில்லை. புருஷன் பதவி அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. "வாத்தியாரம்மா" என்றாலும் பாடம் நடத்துகிறவரா, வாத்தியார் வீட்டு அம்மாவா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஸ்பானிஷிலும் அப்படியேதான் நடந்தது. "அல்கால்தே" என்றால் ஊர் மேயர், அரபு மொழியில் நீதிபதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. "அல்கல்தேஸா" என்றால் வெகுகாலம் மேயரின் மனைவி. "ஹெனெராலா" தளபதியின் மனைவி. "மேதிகா"வுக்கும் மருத்துவர் மனைவி என்ற பொருள் இருந்தது. அதனால் படித்துப் பட்டம் வாங்கிய முதல் தலைமுறைப் பெண்கள் சிலர், "நான் யாருடைய மனைவியாகவும் இந்தப் பெயரை வாங்கவில்லை, மேதிகோ என்றே எழுதுங்கள்" என்று நினைத்ததில் நியாயம் இருந்தது. "லா மேதிகோ" என்று முன்னால் மட்டும் பெண்பால் காட்டினார்கள்.

இன்று அல்கல்தேஸா என்றால் மேயராக வென்ற பெண் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். "ப்ரெஸிதேந்தா" என்ற பெண்பால் வடிவம் அகராதியில் 1803-லேயே ஏறிவிட்டது, ஆனாலும் அதை ஒரு புதுப் பழக்கம் என்று எதிர்க்கிறவர்கள் இன்றும் உண்டு. பெண் நீதிபதிக்கு "ஹுயேஸா" என்றும் எழுதலாம், "லா ஹுயேஸ்" என்றும் எழுதலாம். "இஸ்தா" என்று முடிகிறவை மாறுவதில்லை: "எல் தக்ஸிஸ்தா", "லா தக்ஸிஸ்தா". விமானி "லா பிலோதோ". ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம்: "லா பொலிஸீயா" என்றால் பெண் காவலரும் ஆகும், மொத்தக் காவல்துறையும் ஆகும். வாக்கியத்தைப் பார்த்துத்தான் பிரிக்கமுடியும்.

இன்னொன்று. "தொக்தோரா" என்று எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூப்பிடுவதற்கு அதுதான் சரி. "தொக்தோரா, தலை வலிக்கிறது" என்று நோயாளி சொல்வார். முனைவர் பட்டம் வாங்கியவருக்கும் அதே சொல். தொழில் என்ன என்ற கட்டத்தில் "மேதிகா". ஆங்கிலத்தில் மருத்துவரைக் குறிக்கும் "ஃபிசிஷியன்" என்ற சொல்லைப் பார்த்து "ஃபீஸிகா" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது இயற்பியலாளர். கடைசியில் ஒரு வார்த்தை, குறிப்பை அச்சிடும் முன் மகளிடமே எது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற சொல் அது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: மகன் மேற்படிப்புக்கு பார்சிலோனா போகிறான். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஏஜெண்ட் "காம்பெஸீனோ" என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் மாடுகளும் இருக்கின்றன. சரிதானுங்களா?

"காம்பெஸீனோ" என்பதில் இழிவு ஒன்றும் இல்லை. லத்தீன் அமெரிக்காவில் நிலத்துக்காகப் போராடிய மக்கள் தங்களைப் பெருமையோடு அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அது நாட்டுப்புறத்து எளிய உழவர் என்று ஒரு வர்க்கத்தைச் சொல்கிற சொல். தொழிலை மட்டும் சொல்ல "அக்ரிகுல்தோர்" போடுங்கள். தோட்டமும் தோப்புமாகப் பண்ணயம் பார்க்கிறவருக்கு அதுதான் பொருத்தம். மாட்டுப் பண்ணையே முழுத் தொழில் என்றால் "கனதேரோ". நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் "அபிகுல்தோர்". சென்னிமலையில் கைத்தறி போடுகிறவர் "தெஹெதோர்", கூடவே "தெலார் மனுவால்" சேர்த்தால் கைத்தறி என்று விளங்கும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: விசா விண்ணப்பத்தில் எனக்கு "வேலை இல்லை" என்று எழுதிவிட்டார்கள். வீட்டையும் மாமியாரையும் இரண்டு எருமைகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கோபம் நியாயமானது. "ஆமா தே காஸா" என்று திருத்தச் சொல்லுங்கள், வீட்டை ஆள்பவள் என்றே அதற்குப் பொருள். நம் "இல்லத்தரசி"க்குப் பக்கத்தில் வருகிறது. ஸ்பெயினில் ஒரு காலத்தில் அரசாங்கத் தாள்களில் பெண்களுக்குத் தொழில் என்ற இடத்தில் "ஸுஸ் லபோரெஸ்" என்று எழுதுவார்கள். "அவளுக்கு உரிய வேலைகள்" என்று அர்த்தம். விடியலில் எழுந்து ராத்திரி படுக்கும் வரை செய்வதை இரண்டே சொல்லில் ஒதுக்கிவைத்த எழுத்து அது. இன்று அப்படி எழுதுவதில்லை. "வேலை இல்லை" என்பதும் போகட்டும். எருமைப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறீர்கள் என்றால் "கனதேரா" என்றும் தாராளமாகச் சேர்க்கலாம். உண்மையைத்தான் எழுதுகிறீர்கள்.

தாராபுரத்திலிருந்து ஒரு பள்ளி மாணவர்: அப்பா பஸ் கண்டக்டர். ஸ்பானிஷிலும் "கொந்துக்தோர்" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதானே?

இல்லை தம்பி. "கொந்துக்தோர்" டிரைவர். உன் அப்பா "கொப்ரதோர்", காசு வாங்குகிறவர். அப்பாவும் டிரைவர் அண்ணனும் ஒரே வண்டியில் ஆளுக்கொரு பக்கம் நின்றிருப்பார்கள், நீ எழுதும்போது இடம் மாற்றிவிடாதே. நாமக்கல் லாரி ஓட்டுகிறவர் "கமியொனேரோ".

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: மெக்சிகோ நிறுவனம் ஒன்றுக்கு என் விவரக்குறிப்பை அனுப்புகிறேன். ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்ததை "என் பாரோ" என்று எழுதலாமா?

ஸ்பெயினுக்கு அனுப்பினால் எழுதலாம். மெக்சிகோவிலும் மற்ற பல லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் "பாரோ" என்றால் வேலைநிறுத்தம். ஆறு மாதம் ஸ்ட்ரைக்கில் இருந்தவர் என்று படிப்பார்கள். "தெஸெம்ப்ளேயாதோ" எல்லா நாட்டுக்கும் பொது. உங்கள் விவரத்தில் வேறு மூன்று இடங்களையும் திருத்தச் சொல்வேன். வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்பதற்கு ஆங்கில ஜாடையில் "அப்ளிகார்" வேண்டாம், "ஸொலிஸிதார்". "கர்ரேரா" என்று நீங்கள் போட்டிருப்பதைப் பட்டப்படிப்பு என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள், வேலையில் கடந்துவந்த பாதைக்கு "த்ரயெக்தோரியா". கணக்காளராக இருந்ததை "கொன்தாப்லே" என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஸ்பெயின் வழக்கு. மெக்சிகோவுக்கு "கொன்ததோர்". ஸ்பெயினில் கொன்ததோர் என்றால் கரண்ட் மீட்டர்! அதனால் எந்த நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் எழுத உட்காருங்கள். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஒரே தாளை எல்லா நாட்டுக்கும் அனுப்பினால் எங்காவது இடறும்.

15 வேலம்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்: அக்கா, பதினைந்து மெஷின் போட்டு ஜாப்வொர்க் செய்கிறேன். பெரிய கம்பெனி வெட்டித் தருவதைத் தைத்துக் கொடுப்பேன். என்னை "கொன்த்ரதீஸ்தா" என்று எழுதுகிறார்கள். பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட் இதெல்லாம் எப்படிச் சொல்வது?

"கொன்த்ரதீஸ்தா" என்றால் கட்டட ஒப்பந்தக்காரர்தான் முதலில் கண்முன் வருவார். உங்கள் இடம் "தயேர் தே கொன்ஃபெக்ஸியோன்", தையல் பட்டறை. நீங்கள் அதன் உரிமையாளர், "துவேஞோ". பெரிய கம்பெனிக்காகச் செய்துதருவதைச் சொல்ல மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் "மகீலா" என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தக் காலத்தில் தானியத்தை அரைத்துக் கொடுத்த ஆலைக்காரர், அரைத்ததிலேயே கூலியாக ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். அந்தப் பங்குக்குப் பெயர் மகீலா. பிறகு, அடுத்தவர் பொருளை வாங்கிக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் தொழிலுக்கே அது பெயராகிவிட்டது. உங்கள் தொழில் அதேதான். ஸ்பெயினுக்கு எழுதும்போது மட்டும் இந்தச் சொல்லைத் தவிர்த்து, இன்ன நிறுவனத்துக்காகத் தைத்துத் தரும் பட்டறை என்று எழுதுங்கள்.

பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று, வேலை செய்வது "த்ரபஹார் ஆ தெஸ்தாஹோ". தினக்கூலிக்காரர் "ஹொர்னலேரோ", இது பெரும்பாலும் வயல் வேலைக்கு. ஷிப்ட் "தூர்னோ". ஒன்றரை ஷிப்டை "தூர்னோ இ மேதியோ" என்று எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. எட்டு மணி நேரம் வழக்கமான வேலை, அதற்குமேல் நான்கு மணி நேரம் "ஓராஸ் எக்ஸ்த்ராஸ்" என்று மணிக்கணக்கில் எழுதுங்கள். கூடுதல் நேரத்துக்கு என்ன கூலி என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டே எழுதுங்கள், ஏனென்றால் அந்த நான்கு மணி நேரம் தைத்தவருக்கு அது சேரவேண்டிய பணம்.

ஈரோட்டிலிருந்து இன்னொரு வாசகர்: மாவட்ட கலெக்டரை எப்படி எழுதுவது?

"கொலெக்தோர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பெரிய சாக்கடைக் குழாய்க்கும் பெயர். ஸ்பெயினில் ஒவ்வொரு மாகாணத்திலும் மத்திய அரசின் கையாக முன்பு "கோபெர்னதோர் ஸிவில்" இருந்தார். 1997-இல் அந்தப் பதவி போய் "ஸுப்தெலெகாதோ தெல் கொபியேர்னோ" வந்தது. நம் ஆட்சியர் வேலையோடு ஓரளவு ஒட்டும், முழுக்க ஒட்டாது. அதனால் மாவட்டத்தின் தலைமை நிர்வாக அதிகாரி என்று விளக்கி எழுதுவதே நேர்மை.

காங்கயத்திலிருந்து ஒரு வாசகி: அடுத்த வாரம் அர்தேஹோவிலிருந்து இரண்டு பேர் எங்கள் கம்பெனிக்கு வருகிறார்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் என் வயது. "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று பேச்சைத் தொடங்கினால் தப்பாக நினைப்பார்களா?

தப்பில்லை. ஸாரா துணிக்கடைகளை நடத்தும் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர் என்பதால் அர்தேஹோ பெயர் இப்போது நம் பக்கத்தில் பலருக்குப் பழகிவிட்டது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீஸியாவின் கரையோர ஊர் அது, மழை அதிகம். ஸ்பானிஷோடு கலீஸியன் என்ற தங்கள் மொழியையும் பேசுவார்கள். பெரியவரிடம் "ஆ கே ஸே தெதீகா உஸ்தெத்?" என்று கேளுங்கள். "எதில் ஈடுபட்டிருக்கிறீங்க" என்பது போல. "உஸ்தெத்" நம் "நீங்க". உங்கள் வயதுக்காரரிடம் "ஆ கே தே தெதீகாஸ்?" போதும். ஸ்பெயினில் சீக்கிரமே "நீ"க்கு வந்துவிடுவார்கள், அதை மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலம்பியாவிலிருந்து யாராவது வந்தால் "உஸ்தெத்"தை விட்டு இறங்காதீர்கள், அங்கே பல இடங்களில் சொந்த வீட்டுக்குள்ளேயே அப்படித்தான் பேசுகிறார்கள்.

பெரியவர் "எஸ்தோய் ஹுபிலாதோ" என்று சொன்னால் அவர் ஓய்வுபெற்றவர், உடன் வந்திருக்கிறார் என்று அர்த்தம். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கலீஸியாவில் ஒரு தலைமுறைப் பெண்கள் வீட்டிலும் கூட்டுறவுப் பட்டறைகளிலும் உட்கார்ந்து தைத்தவர்கள். அவர் அம்மாவோ மனைவியோ "கொஸ்துரேரா"வாக இருந்திருக்கக்கூடும். அப்படி ஒரு பேச்சு தொடங்கிவிட்டால் மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குத் தேவைப்படமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், மீட்டிங்கில் வேண்டாம்.